சந்தனப் பொட்டு வைத்த கதவு

அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் ஐந்து பேர். எங்கள் பட்டறை முதலாளி, அவரை நான் சார் என்றுதான் கூப்பிடுவேன். பூட்டுக்குள் வைக்கிற எலக்ட்ரானிக் போர்டைச் செய்யும் அக்கா. என்னைவிட வயதில் சின்னவர்தான், ஆனாலும் முதல் நாளே அக்கா என்று வாயில் வந்துவிட்டது, அப்படியே நின்றுவிட்டது. கோல்டு ஸ்டோரேஜ் நடத்தும் பாய். வடக்கே பனிமலை ஊரிலிருந்து எங்கள் கதவைப் பார்ப்பதற்கென்றே வந்திருந்த ஓட்டல்காரர். அப்புறம் நான். மூட்டை தூக்குகிறவர்களை மத்தியானத்துக்கு மேல் வந்தால் போதும் என்று பாய் சொல்லி அனுப்பியிருந்தார். பிற்பாடு இந்தக் கதை பரவியபோது, நானும் அங்கேதான் இருந்தேன் என்று இரண்டு மூன்று பேர் சேர்ந்துகொண்டார்கள். இல்லை. ஐந்து பேர்தான்.

இடம் கூடுவாஞ்சேரி. ஜிஎஸ்டி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பி, கல் நட்டுக் கொடி கட்டிய மனைகளைத் தாண்டிப் போனால் ஒரு தகரக் கூரைக் கட்டடம். ஐஸ்கிரீமும் பச்சைப் பட்டாணியும் வைக்கிற கிடங்கு. அதன் பெரிய குளிர் அறைக்குள்ளேயே பின்பக்கம் இன்னொரு சின்ன அறை உண்டு. மீனை உறைய வைக்கவென்று பாய் கட்டியது. மீன் வியாபாரம் படுத்துவிட்டதால் சும்மா கிடந்தது. மைனஸ் இருபத்தைந்து வரைக்கும் போகும். அதன் வாசலில் தொங்கிய பிளாஸ்டிக் பட்டைகளைக் கழற்றிவிட்டு அங்கேதான் எங்கள் கதவை நிறுத்தியிருந்தோம்.

ஓட்டல் அறைக் கதவு அது. கார்டைக் காட்டினால் பச்சை விளக்கு எரியும், கைப்பிடியை அழுத்தினால் திறக்கும். போனைக் காட்டினாலும் திறக்கும். உள்ளேயிருந்து வெளியே வர கார்டும் வேண்டாம், கரண்டும் வேண்டாம், கைப்பிடியை அழுத்தினால் போதும். நம் ஊரில் இதற்கு ஒரு குறையும் வராது. பனிமலையில் அப்படி இல்லை. பேட்டரி சோர்ந்துபோகும். மோட்டாரில் போட்ட கிரீஸ் வெல்லப்பாகு ஆறினது போல இறுகிவிடும். போன் கையிலேயே செத்துப்போகும். ராத்திரி ஒன்றுக்குப் போக வெளியே வந்தவன் கதவு திறக்காமல் வராந்தாவில் மாட்டிக்கொண்டால், ரிசப்ஷனுக்குப் போய்ச் சண்டை போடக்கூட அவனுக்கு வாய் வராது. அதனால் குளிரில் வைத்துப் பார்க்காமல் அந்த ஊர்க்காரர்கள் எந்தப் பூட்டையும் வாங்குவதில்லை. தாம்பரத்தில் குளிருக்கு எங்கே போவது? மார்கழியிலேயே மின்விசிறி போட்டுத் தூங்குகிற ஊர். பாயின் மீன் அறைதான் எங்களுக்குப் பனிமலை.

என் சுபாவத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நான் எதற்கும் கவலைப்படுகிற ஆள். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். என் மனைவி, ‘ஊருக்கெல்லாம் பூட்டு மாட்றவரு’ என்று அதற்குச் சிரிப்பாள். ஒன்பதாவதில் பள்ளிக்கூடத்தை விட்டவன். இரும்பு கேட் பட்டறை, சாவிக்கடை, மர மில் என்று சுற்றி, கடைசியில் செம்பாக்கம் ஏரிப் பக்கத்தில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் நடந்த சாரின் பட்டறைக்கு வந்து சேர்ந்தேன். கதவு நிறுத்துவது, பூட்டுக்குக் குடைவது, மாட்டுவது என் வேலை. அங்கே என்னிடம் யாரும் சர்டிபிகேட் கேட்கவில்லை. மாதம் பிறந்தால் சம்பளம் வந்தது. டீ வந்தால் எனக்கும் ஒரு டம்ளர் வந்தது.

அந்த வருடம் பட்டறையில் வேலை இல்லை. கையில் இருந்தது இந்த ஓட்டல்காரரின் ஆர்டர் ஒன்றுதான், அதுவும் கையெழுத்தாகாத ஆர்டர். சார் எங்களை உட்காரவைத்து ஒளிக்காமல் சொன்னார். அவர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டால் பட்டறை ஓடும். போடாவிட்டால் இந்த மாதத்தோடு மூடிவிட்டு, கோயம்புத்தூரில் மச்சினரின் மோட்டார் கடைக்குப் போய்விடுவதாக அவர் வீட்டில் முடிவாகிவிட்டது. அக்காவுக்குக் கவலை இல்லை, சோழிங்கநல்லூர் பக்கம் எந்தக் கம்பெனியிலும் வேலை கிடைக்கும். எனக்கு? நாற்பது தாண்டியவனை, மார்க் ஷீட்டே இல்லாதவனை, யார் கூப்பிட்டு உட்காரவைப்பார்கள்? 

அதற்கு முந்தைய வாரங்களை இப்போது நினைத்தால் சிரிப்பும் வருகிறது, ஏக்கமும் வருகிறது. அக்கினி நட்சத்திர வெயில். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறும்போது என் கையில் ஸ்வெட்டர், குரங்குக் குல்லாய், கம்பளிச் சால்வை. பக்கத்து சீட்டில் இருந்த கீரை விற்கிற அம்மா தினமும் பார்த்துவிட்டு ஒரு நாள் கேட்டே விட்டாள். “இன்னா நைனா, ஊட்டிக்குப் போற ரயிலா இது? மாறி ஏறிக்கினியா?”

கையுறை வாங்க வேண்டும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. காலுறையையே கையில் மாட்டிக்கொண்டோம். அக்கா தன் பிள்ளையின் ஸ்கூல் சாக்ஸைக் கொண்டுவந்தார், விரல் நுனியில் கத்தரித்து. உள்ளே போவோம், கார்டைக் காட்டுவோம், திறப்போம், மூடுவோம், நடுங்கிக்கொண்டே வெளியே ஓடி வருவோம். வெளியே வெயிலில் பத்து நிமிடம் காய்ந்தால் சொர்க்கம் போல இருக்கும். பிறகு அந்த வெயிலே தாங்காமல் மறுபடி உள்ளே. பாய் நாற்காலியில் உட்கார்ந்து இந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார். “ஐஸ்கிரீம்கூட இவ்ளோ தபா உள்ள வெளிய போனதில்ல சார்,” என்பார்.

கதவு தேறிவிட்டது. வேறு பேட்டரி, வேறு கிரீஸ் என்று அக்கா மாற்றி மாற்றிப் போட்டு, கடைசி வாரத்தில் ஒரு தரம்கூட அது மக்கர் செய்யவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. இத்தனை நாள் ஒழுங்காக நடந்த ஒன்று, பார்க்க ஆள் வரும் நாளில்தானே காலை வாரும்?

ஓட்டல்காரர் வந்தார். குள்ளமான மனிதர், கன்னம் இரண்டும் சிவந்து வெடித்திருந்தது. அவருக்குத் தமிழ் தெரியாது, சாருக்கு இந்தி தெரியாது, இரண்டு பேருடைய இங்கிலீஷும் பாதி வழியில் நின்றுபோகும். பாய் வீட்டில் உருது பேசுகிறவர், ஆகவே மொழிபெயர்ப்பு பாயின் தலையில் விழுந்தது. அதற்குத் தனியாக வாடகை வாங்குவேன் என்று சொல்லிக்கொண்டே சந்தோஷமாக ஏற்றுக்கொண்டார்.

புது ஆள் முன்னால் கதவைத் திறந்து காட்டப் போகிறோம். பொட்டு வைக்காமல் எப்படி? புது மிக்சி வந்தாலே சந்தனம் குங்குமம் வைத்துவிட்டுத்தானே ஸ்விட்சைத் தட்டுகிறோம்? சார் வீட்டிலிருந்தே சந்தனப்பொடி கொண்டுவந்திருந்தார். வாடை தூக்கலாக இருக்கட்டும் என்று பன்னீரைத் தாராளமாக விட்டுக் குழைத்தார். கொஞ்சம் தளர்ந்துவிட்டது. பூட்டின் நெற்றி மாதிரி இருக்கிற இடத்துக்குக் கையைக் கொண்டுபோனபோது அக்கா உள்ளங்கையால் மறைத்தார்.

“சார், அது ரீடர். அது மேல வேண்டாம், கார்டு படிக்காது.”

“அப்ப கைப்பிடிக்கு வெச்சிடலாமா?”

“கைப்பிடி வெறும் இரும்பு சார். எவ்வளவு வேணா வைங்க.”

சார் கைப்பிடியின் கழுத்தில், அது பூட்டுக்குள் போய்ச் சேருகிற இடத்தில், பெரிதாக ஒன்று வைத்தார். உள்பக்கக் கைப்பிடிக்கும் அதேபோல ஒன்று. அதன்மேல் குங்குமம். ஒரு முழம் மல்லிகையைச் சுற்றினார். எலுமிச்சம்பழத்தைக் கதவடியில் வைக்கவில்லையா என்று பாய்தான் நினைவுபடுத்தினார். நான் அந்த நேரம் முழுக்க அந்த எலுமிச்சம்பழத்தைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன், வந்தவர் அதை மிதித்து வழுக்கி விழுந்துவிட்டால் என்ன ஆவது என்று. சந்தனம் கழுத்திலிருந்து மெல்ல உள்ளே இறங்கியதை நான் பார்த்தேன். பார்த்தும் மனதில் படவில்லை.

ஓட்டல்காரர் கார்டைக் காட்டிப் பார்த்தார், திறந்தது. போனில் பார்த்தார், திறந்தது. பிறகு பாயிடம் ஏதோ சொன்னார். தானே உள்ளே போய்க் கதவை மூடிக்கொண்டு, குளிர் நன்றாக ஏறும் வரைக்கும் இருந்துவிட்டு, உள்பக்கக் கைப்பிடியால் வெளியே வர வேண்டுமாம். விருந்தாளி அப்படித்தானே வருவான்? துணைக்கு என்னை அனுப்பினார்கள்.

உள்ளே ஒரு குண்டு பல்பு, தலைக்கு மேல் குளிர்க்காற்று தள்ளுகிற ஃபேனின் இரைச்சல். அவர் கனமான கோட்டில் கல்லு மாதிரி நின்றார். நான் பொங்கல் தள்ளுபடியில் வாங்கின ஸ்வெட்டரில் நின்றேன். எனக்குத் தெரிந்த இந்தி ‘அச்சா’ ஒன்றுதான். இரண்டு தடவை சொன்னேன். அவரும் திருப்பிச் சொன்னார். பேச்சு முடிந்தது.

நேரம் போனது. மூக்குக்குள் முடி விறைப்பது தெரிந்தது. அவர் கையால் காட்டினார், திற என்று. நான் ஒரு கல்யாண மண்டபக் கதவைத் திறப்பதுபோலக் கம்பீரமாகக் கைப்பிடியை அழுத்தினேன். அசையவில்லை.

அவரைப் பார்த்துச் சிரித்தேன். மறுபடி அழுத்தினேன். அசையவில்லை. இன்னும் பலமாக அழுத்தியிருக்கலாம். கைப்பிடி கையோடு வந்துவிட்டால் ஆர்டர் அங்கேயே போயிற்று என்று பயம். கதவைத் தட்டினேன். வெளியே கார்டு வைத்த ‘கீங்’ சத்தம் கேட்டது. பூட்டுக்குள் மோட்டார் சுற்றியது. ஆனால் அந்தப் பக்கத்துக் கைப்பிடியும் இறங்கவில்லை.

“இன்னாபா, வெளிய வர மனசு இல்லியா?” என்று பாயின் குரல்.

பிறகு ஃபேன் நின்றது. பாய் போய் நிறுத்தியிருக்கிறார். இரைச்சல் போனதும் அவர்கள் பேசுவது நன்றாகக் கேட்டது. கடப்பாரை எடுத்து வரட்டுமா என்று பாய் கேட்டார். கதவு போய்விடுமே என்று சார் சொன்னார்.

“கதவு போனா வேற கதவு பண்ணிக்கலாம். உள்ள கீறது மனுசன் சார்.”

கடப்பாரையால் நெம்பித் திறந்த கதவுக்கு யார் கையெழுத்துப் போடுவார்கள்? அது எனக்கும் தெரியும். விறைத்துச் சாகப்போகிறேன் என்று நான் அந்த நேரத்தில் நினைக்கவில்லை என்றால் நம்புவீர்களா? எதற்கெல்லாமோ பயப்படுகிறவன், அதற்குப் பயப்படவில்லை. கோயம்புத்தூர், கோயம்புத்தூர் என்றே மனசு அடித்துக்கொண்டது.

ஓட்டல்காரர் என் தோளைத் தொட்டு ஒதுக்கினார். தலையிலிருந்த கம்பளித் தொப்பியைக் கழற்றிக் கைப்பிடியின் கழுத்தைச் சுற்றிப் பொத்திப் பிடித்தார். குனிந்து தொப்பிக்குள் வாயை வைத்து ஊதினார். ஊதுவது என்று சொல்ல முடியாது. கண்ணாடியைத் துடைப்பதற்கு முன் ‘ஹா’ என்று மூச்சு விடுவோமே, அது மாதிரி, நிதானமாக, அடிவயிற்றிலிருந்து. அவருக்கு மூச்சு வாங்கியதும் என்னைக் காட்டினார். நான் ஊதினேன். பிறகு அவர். பிறகு நான். தொப்பிக்குள் பன்னீர் வாசமும் சந்தன வாசமும் ஒரு கல்யாண வீடு மாதிரி அடித்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது எது உறைந்திருக்கிறது என்று. எப்படிச் சொல்வது? ‘அச்சா’வை வைத்துக்கொண்டு சந்தனத்தைச் சொல்ல முடியாது.

அதே சமயம் வெளியே பாய் தன் பிளாஸ்கைத் திறந்து, இஞ்சி டீயை அந்தப் பக்கத்துக் கைப்பிடியின் மேல் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறார். எந்தப் பக்கம் முதலில் இளகியது என்று இன்றுவரைக்கும் தீரவில்லை. ‘மடக்’ என்று ஒரு சத்தம். கதவு திறந்தது. நானும் அவரும் எதிரே நின்றிருந்த சாரின் மேல் போய் விழுந்தோம். எங்கள் மூச்சுதான் என்று நான் சொல்வேன். “மூச்சாம் மூச்சு. என் டீ,” என்பார் பாய். அக்காவைக் கேட்டால், இரண்டும் தப்பு, இரண்டிலும் ஈரம், மறுபடி உறைய வேண்டியது, தப்பித்தீர்கள் என்பார்.

வெளியே லாரி வந்து நிற்கிற மேடையில் வெயிலில் உட்கார்ந்தோம். பிளாஸ்கில் மிச்சமிருந்த டீயை அதன் மூடியில் ஊற்றி ஓட்டல்காரரிடம் பாய் கொடுத்தார். அவர் குடித்துவிட்டு, எழுந்து மறுபடி உள்ளே போனார். நாங்களும் பின்னாலேயே போனோம். கைப்பிடியின் கழுத்தில் மஞ்சளாக ஒட்டியிருந்த பனித்துண்டை நகத்தால் கிள்ளினார். முகர்ந்தார். சாரின் முகம் போன போக்கைப் பார்க்க முடியவில்லை. பொட்டு வைக்காத நாளெல்லாம் இது திறந்தது, ஒரு நாள்கூடச் சிக்கியதில்லை, அதை அவரிடம் சொல்லுங்கள் என்று பாயைக் கெஞ்சினார். பாய் சொன்னார்.

ஓட்டல்காரர் விரலில் கரைந்த சந்தனத்தைத் தன் நெற்றியில் தடவிக்கொண்டார். பிறகு நிதானமாக, நீளமாகப் பேசினார்.

“அவரு இன்னா சொல்றாருன்னா,” என்று பாய் ஆரம்பித்தார், “அவுங்க ஊர்லயும் புதுக் கதவுக்கு வெப்பாங்களாம். சந்தனம் இல்ல, வெண்ணெ. யாரு சொன்னாலும் கேக்க மாட்டாங்களாம். பொட்டு வெக்காதேன்னு பூட்டு மேல எழுதி ஒட்டுவியான்னு கேக்கறாரு சார்.”

“இல்லைன்னு சொல்லுங்க பாய்.”

“அத நீயே சொல்லு சார். நஹீன், அவ்ளோதான்.”

சார் சொன்னார். ஓட்டல்காரர் முதல் தடவையாகச் சிரித்தார். பனி விழுவதற்கு முன்னால் திரும்பி வருவேன், என் கையால் வெண்ணெய் பூசுவேன், திறந்தால் கையெழுத்து, திறக்காவிட்டால் என்னைத் தேட வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

இது கையெழுத்துப் போட்ட கணக்கா, போடாத கணக்கா என்று எனக்கு விளங்கவில்லை. மூடுவதா, ஓட்டுவதா என்று சாருக்கும் விளங்கவில்லை. கோயம்புத்தூரில் கேட்டு ஐந்தாறு மாதம் தவணை வாங்கிக்கொண்டார். எங்கள் சம்பளத்தைப் பாதியாக்கினார். ஆனால் குளிர் அறைக்கு வாரா வாரம் கொடுக்கிற வாடகைக்கு வழி இல்லை. அதைச் சொல்ல என்னையும் கூட்டிக்கொண்டு பாயிடம் போனார். எப்படி ஆரம்பிப்பது என்று இரண்டு பேரும் முழித்துக்கொண்டு நின்றோம். பாயே ஆரம்பித்தார்.

“ரூமு சும்மாதான கீது. மீனா வந்து நிக்குது? யூஸ் பண்ணிக்க சார். வந்தா குடு.”

அந்த மாதங்கள்தான் என் மனதில் அதிகமாக நிற்பவை. அக்கா கைப்பிடியின் கழுத்துக்கு ஒரு ரப்பர் வளையமும், தண்ணீர் வடிகிற மாதிரி கீழே ஒரு சரிவும் வரைந்துகொடுத்தார். பல்லாவரத்தில் ஒரு லேத்தில் நின்று நான் அதைக் கடைந்து வாங்கி வந்தேன். பிறகு ஊரில் மனிதர்கள் கதவுக்கு என்னென்னவெல்லாம் வைப்பார்கள் என்று யோசித்து யோசித்துப் பூசினோம். சந்தனம், மஞ்சள், பன்னீர், நெய். பாயின் வீட்டிலிருந்து அத்தர் வந்தது. பல்லிக்குப் பயந்து யாராவது தேங்காயெண்ணெய் தடவினால் என்ன செய்வது என்று நான் கேட்டேன், அதையும் தடவினோம். என் கவலைகளுக்கு ஒரு உபயோகம் இருந்தது என் ஆயுசிலேயே அந்த மாதங்களில்தான். காலையில் வந்ததும், “நேத்து ராத்திரி என்ன கவலை வந்துச்சு, சொல்லுங்க,” என்று அக்கா கேட்பார். நான் சொல்வேன். அன்றைக்கு அதுதான் டெஸ்ட்.

மூன்று தடவை சிக்கியது. பிறகு சிக்கவில்லை. மழைக்காலம் வந்தது. கிடங்குக்குப் போகிற மண் ரோடு முழங்கால் அளவு தண்ணீரில் போயிற்று; தலையில் கதவின் உதிரிப் பாகங்களை வைத்துக்கொண்டு நடந்து போனோம். குளிர் அறையைவிட அந்த மழை எங்களுக்கு அதிகமாகக் குளிர்ந்தது.

ஓட்டல்காரர் சொன்னபடி வந்தார். எவர்சில்வர் டப்பாவில் வெண்ணெய் கொண்டுவந்திருந்தார். பயண அலுப்பையும் பார்க்காமல் நேரே போய்க் கைப்பிடியில் அப்பினார். சார் தயங்கி நின்றபோது, நீயும் உன்னுடையதை வை என்று சைகை காட்டினார். சந்தனத்தை இந்தத் தடவையும் சார் தளரத்தான் குழைத்தார், பிடிவாதமாக. மறுபடி நானும் அவரும் உள்ளே. இந்தத் தடவை பாய் வெளியே பிளாஸ்கோடு நின்றார். நேரம் போனது. அவர் காட்டினார். நான் அழுத்தினேன். வெண்ணெய்க் கட்டியை நறுக்குகிற மாதிரி மெத்தென்று இறங்கியது.

கையெழுத்தாயிற்று. சார் கோயம்புத்தூருக்குப் போகவில்லை. அந்த முன்பணத்தில் எங்களுக்கு முழுச் சம்பளமும் வந்தது, லேத்துக்காரருக்கும் கொடுத்தோம். பட்டறை அதற்குப் பிறகும் பல வருடம் ஓடியது. வீட்டுக்காரர் இடித்துவிட்டு ஃப்ளாட் கட்டப் போகிறேன் என்றபோதுதான், சாருக்கும் முட்டிவலி வந்துவிட்டிருந்தது, மூடினோம். அழுகை இல்லை, ஆளுக்கு ஒரு டிரில்லிங் மெஷின் எடுத்துக்கொண்டோம். இப்போது நான் ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி ஃப்ளாட்டுகளுக்குக் கார்டு பூட்டு மாட்டுகிறேன். யாரும் சர்டிபிகேட் கேட்பதில்லை. கேட்டுவிடுவார்களோ என்று மட்டும் இன்றைக்கும் நினைப்பேன்.

பாயின் வாடகையைச் சார் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்தார். மூடுகிற நாளில் மிச்சத்தை ஒரு கவரில் போட்டு என்னிடம் கொடுத்தனுப்பினார். பாய் எண்ணிப் பார்த்தார். அதில் கொஞ்சத்தை எடுத்துத் திரும்ப என் சட்டைப்பையில் திணித்தார்.

“கணக்க முழுசா முடிச்சிட்டா, அப்புறம் நீ எதுக்கு இந்தப் பக்கம் வரப்போற? நிக்கட்டும்.”

பாயின் அப்பா காலத்திலிருந்தே அவர்கள் வீட்டில் பிடித்தவர்களிடம் அப்படித்தான், கணக்கை நேராக்கவே விடமாட்டார்கள் என்று அவர் மகன் சொன்னான். அந்தப் பணத்தை சாரிடம் கொண்டுபோனேன்; அவரும் வாங்கவில்லை, நீயே வைத்திரு, போகும்போது கொடு என்றார். ரம்ஜானுக்குப் போகிறேன், ஐஸ்கிரீம் சீசனில் போகிறேன், ஒவ்வொரு தடவையும் நீட்டுகிறேன். அடுத்த தபா பார்க்கலாம் என்கிறார். பாக்கி மூவாயிரத்து இருநூறு ரூபாய்.